அது ஒண்ணு, நம்மது ஒம்பது

மும்பையில், மாட்டுங்கா பூக்கடைகளைத் தாண்டி, காப்பிக்கொட்டை வறுபடும் வாசனையில் மயங்கி நின்றேன். ஒரு சிவப்புப் பேருந்து திரும்பியது. அதன் நெற்றியில் மராத்தி எண். "ஒண்ணு" என்று வாய்விட்டுப் படித்தேன். அது உம்மாவின் பழக்கம்.

எண்பதுகளில் நாங்கள் தாராவியில் இருந்தோம். வாப்பா யாரையாவது கேட்டுத்தான் பஸ் ஏறுவார். உம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. ஒன்றாம் வகுப்பு படித்த நான்தான் எண் பார்ப்பேன். மராத்தி ஒன்று அசப்பில் ஆங்கில ஒன்பது போலவே இருக்கும். ஒருநாள் அப்படி ஏமாந்து உம்மாவை எங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.

"இனிமே நான் இல்லாம ரெண்டு பேரும் எங்கயும் போவக்கூடாது" என்றார் வாப்பா.

உம்மா மளிகைக்கடையில் கொடுத்த மராத்தி நாள்காட்டியை அடுப்புக்கு மேலே மாட்டினாள். தினமும் அன்றைய தேதிமேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் மூவரும் மாட்டுங்கா போய்விட்டுத் திரும்பும்போது, "நம்ம பஸ்ஸு!" என்று கத்தினேன். வாப்பா ஓடினார். உம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அது ஒண்ணு. நம்ம ஒம்பது பொறவால வருது."

வந்தது. படியில் கால் வைத்த வாப்பா திரும்பி, "ஏளா, ஏறலாமா?" என்று கேட்டார்.

"ஏறுங்க" என்றாள் உம்மா, பஸ்ஸே தன்னுடையது போல.

அதன்பின் உம்மாவும் நானும் மாட்டுங்காவில் ஒரு தெருவையும் விட்டுவைக்கவில்லை.

இன்று வந்ததும் ஒன்றுதான். போகட்டும். நம்ம ஒம்பது பொறவால வரும்.