ஆனி கட்டிய கம்பி

பர்னபாஸைப் பற்றி எங்கள் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் யாரைக் கேட்டாலும் முன்கோபி என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அவனோடு பதினெட்டு வருஷம் ஒரே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறி இறங்கிய கோவிந்தன் நான் சொல்கிறேன், அது பால் பொங்குகிற கோபம். தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும். என் கோபம்தான் அடங்காத ஜாதி. அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஒருநாள் பாறை வெடித்து வழி மூடி, அவன் இரண்டு நாள் கீழ் லெவலில் மாட்டிக்கொண்டான். பாறையில் கசிந்த தண்ணீரை நக்கியே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேலே நாங்கள் டிபன் கேரியரோடு நின்றோம், இறக்க வழியில்லை. அதற்கப்புறம் அவன் வாசலில் யார் வந்து நின்றாலும் முதல் வார்த்தை "சாப்டியா?" தான். சண்டைக்கு வந்தவனிடமும் அதையே கேட்டான்.

சுரங்கத்தை மூடியபின் தினமும் ரயிலேறி பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். மனைவி மரியகுழந்தை முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஆனி ஒருத்திதான். பத்தாவது படிக்கும்போது அவள் ஒரு மாங்கன்று கொண்டுவந்து வீட்டு முன்னால் நட்டாள். அவள் வளர்ந்தாள், மரமும் வளர்ந்தது.

டிசம்பர் பிறந்தால் எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏறும். பர்னபாஸ் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: ஸ்டாரை ஏற்றியவர்தான் இறக்க வேண்டும், மற்றவர் தொடக்கூடாது. 2018இல் ஆனி மூங்கிலில் ஸ்டாரைக் கட்டி, மூங்கிலை மாமரத்தோடு சேர்த்துக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றினாள். மரம் அப்போது என் கைப் பருமன் இருக்கும். "நியூ இயர் முடிஞ்சதும் நானே அவுத்துடறேன்பா" என்றாள். ஜனவரி இரண்டாம் தேதி காய்ச்சல். நாலே நாள். இருபத்து மூன்று வயசுப் பிள்ளை, போய்விட்டாள்.

ஸ்டார் மழையில் கரைந்தது. மூங்கில் மக்கி விழுந்தது. கம்பி மட்டும் இருந்தது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கியது. மூன்றாம் வருஷம் நான் கட்டிங் பிளேயரோடு போய் நின்றேன்.

"இன்னாடா இது, மரத்த அறுக்குதேடா. உட்றா, நான் கட் பண்றேன்."

"கைய எட்றா! என் பொண்ணு கட்டினது. கட்டினவதான் அவுக்கணும்."

"செத்தவ எப்படிடா வந்து அவுப்பா?"

சொல்லிவிட்டேன். இந்த நாக்கை என்ன செய்வது? அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் அவன் பக்கமே மூன்று வருஷம் திரும்பவில்லை.

போன வருஷம் மே மாதம் அவனே வந்தான், கூடை நிறைய மாம்பழத்தோடு. அதுவரை அந்த மரம் பத்துப் பதினைந்துக்கு மேல் காய்த்ததில்லை. "மரம் தாங்காம காச்சிருக்குடா கோவிந்தா! எங்க ஆனி குடுக்கறாடா!" என்று சிரித்தான். நானும் கூச்சமில்லாமல் நாலு பழம் தின்றேன். அத்தனை இனிப்பு.

இந்த வருஷம் புதுத் துளிரே வரவில்லை. இலை சிறுத்தது. அவன் தினமும் எட்டுக் குடம் ஊற்றினான். மனசு கேட்காமல், பூதிகோட்டையில் மாந்தோப்பு வைத்திருக்கும் துரையைக் கூட்டி வந்தேன். துரை கம்பிக்கு மேலே வீங்கிக் கிடந்த பட்டையைத் தடவினான். கீழே சுரண்டினான், காய்ந்த பழுப்பு. மண்ணைக் கிளறி ஒரு வேரை ஒடித்தான். குச்சி மாதிரி முறிந்தது.

"தண்ணி தினம் ஊத்தறேன்ப்பா" என்றான் பர்னபாஸ்.

"தண்ணி போவும்ணா. அது நடுக் கட்டைல போற வழி. வெயில்ல இலை தண்ணிய உட உட, கீழருந்து தானா இழுத்துக்கும். மண்ணு சத்தும் அது கூடயே ஏறிப்புடும்."

"பம்ப் இல்லாமயா?"

"பம்ப் இல்லாமத்தான். ஆனா இலை சமைக்கற சோறு எறங்கி வர்ற வழி வேற. அது பட்டைக்குள்ள இருக்குது. கம்பி அந்த வழிய அடைச்சிடுச்சு. வேருக்குச் சோறே போவல."

"போன வருசம் அவ்ளோ காச்சுதேப்பா?"

துரை என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். "எறங்க வேண்டிய சோறு மேலயே நின்னுபோச்சுண்ணா. அதான் அப்டிக் காச்சுது. காய்க்காத கெளைய காய்க்க வைக்க நாங்களே பட்டைய வளையமா உரிப்போம். அடிமரத்துல செஞ்சா வேர் பட்டினி. முன்னமே பாத்திருந்தா, கம்பிக்கு மேலயும் கீழயும் சேர்ற மாதிரி குச்சி வச்சு ஒட்டுப்போட்டு, சோறு எறங்க வழி பண்ணிருக்கலாம். இப்ப வேரே போயிடுச்சு."

பர்னபாஸ் மெல்லக் குந்தினான். வேர்ப்பக்கத்து ஈர மண்ணில் கை வைத்தான். அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் இருந்தும் சோறு வராத இடத்தில் இரண்டு நாள் கிடந்தவன்.

"இத்தினி வருசமா," என்றான். "வர்றவன் போறவனெல்லாம் சாப்டியான்னு கேட்டேனே. இந்த மரத்த ஒரு நாள் கேக்கலியேடா."

அன்றைக்கு நான் ரோஷம் பார்க்காமல் மறுநாளே போயிருந்தால், அவன் என்ன, அடிக்கவா போகிறான்? மரம் பிழைத்திருக்கும்.

"பிளேயர் குடு" என்றான். கொடுத்தேன். வெட்டவில்லை. கம்பியின் முறுக்கு மட்டும் பட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. துருவை விரலால் துடைத்துவிட்டு, பிளேயரில் அதன் முனையைப் பிடித்துத் திருப்பினான். இரண்டே திருப்பு, முறுக்கு கழன்றுவிட்டது. முனையைப் பிடித்து இழுக்க வாகாக, ஒரு சின்னக் கொக்கியாக வளைத்து விட்டிருந்தாள் ஆனி.

அவன் அந்தக் கொக்கியை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினான்.

"ஈஸியா அவுக்கற மாதிரிதான்டா கட்டிருக்கா" என்று சொல்லி, கீழ் லெவலில் மாட்டியபோதும், மகளைப் புதைத்தபோதும் அழாத மனுஷன், மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.