இடக்கைக்காரிக்கு ஒரு சைட்

இன்று பேத்தி யாழினியோடு ஷா ஆலமில் வில் கடைக்குப் போனேன். வேட்டைக்காரர்கள் குறிபார்க்க வில்லில் மாட்டும் சைட் அவளுக்கு வேண்டுமாம். பட்டனை அமுக்கினால் பன்றி எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று காட்டிவிடும். இவள் எய்வதென்னவோ போட்டியில் வைக்கும் ரப்பர் பன்றியைத்தான்.

கடைக்காரர் அவள் வில்லில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை.

"லெப்ட் ஹேண்டா? அந்த மாடல் வர ஒரு மாசம் ஆகும். பேசாம வலது கைக்கு மாறிடச் சொல்லுங்க ஆன்டி, ஈஸிலா."

யாழினியின் முகம் வாடிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்!

"ஏன் பாஸ், பீச்சாங்கைன்னா கேவலமா? ஒரு மாசம் காத்திருக்கோம். ஆர்டர் போடுங்க!"

பேத்தி என்னையே முறைத்தாள். "பாட்டி, காலையில இடது கையால தோசைய பிச்சதுக்கு என்னை அடிச்சது யாரு?"

"தோசை வேற, பன்னி வேற" என்றேன்.

நியாயம்தானே? உங்கள் வீட்டுப் பீச்சாங்கைகள் என்ன சொல்கிறார்கள்?