சனிக்கிழமைப் பிடி

பத்து ரூபாய் நாணயத்தை முகர்ந்து பார்க்கிற ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் கண்டக்டர் வாங்க மாட்டார், கடையில் வாங்க மாட்டார்கள் என்று ஊரே தள்ளிவைத்திருந்த அந்த நாணயத்துக்குச் சிவகாசியில் எங்கள் கேம் சென்டரில் மட்டும் மரியாதை இருந்தது. அங்கிருந்த மெஷின்கள் அதைத்தான் தின்றன. சில நாணயங்களின் மஞ்சள் ஓரம் தெரியாதபடி வெள்ளிப் பொடி படிந்திருக்கும். பட்டாசுக் கம்பெனியில் அலுமினியப் பவுடரோடு புழங்குகிறவர்களின் விரலிலிருந்து வந்த பொடி அது. அண்ணாச்சி அப்படி ஒரு நாணயத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். முகத்தைச் சுளிப்பார். "மருந்துக் கை" என்பார். பிறகு அதை வேட்டி ஓரத்தில் துடைத்துக் கல்லாவில் போட்டுக்கொள்வார். நாணயத்தின் மேல் அவருக்கு அருவருப்பு இருந்ததில்லை.

அண்ணாச்சிதான் அந்த இடத்தின் முதலாளி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பைக் ரேஸ், துப்பாக்கி விளையாட்டு, பந்து எறிவது, கண்ணாடிப் பெட்டிக்குள் கொக்கியை இறக்கிப் பொம்மை எடுப்பது என்று வரிசையாக மெஷின்களை நிறுத்தியிருந்தார். நான் பி.காம். படித்தவள். கவுண்டரில் உட்கார்ந்து நோட்டுக்கு நாணயம் மாற்றிக் கொடுப்பது என் வேலை. மெஷின்களைத் தொட எனக்கோ வேறு யாருக்குமோ அனுமதி கிடையாது. சாவிக்கொத்து அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். காலையில் ஒவ்வொரு மெஷினாகத் திறந்து, நாணயம் இறங்குகிற பாதையில் படிந்த வெள்ளிப் பொடியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, பஞ்சில் தின்னர் நனைத்துத் துடைப்பார். பொடி சேர்ந்தால் காசு விழுந்தும் மெஷினுக்குத் தெரியாது, ஆட்டம் தொடங்காது, சண்டை வரும். அந்தத் துடைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தம் பார்த்த மனிதர், வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, கம்பெனி வேனில் வந்து இறங்கியவர்களை மட்டும் கை கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்தத் தண்ணீர் ஈய நிறமாகிவிடும். அதை மாற்றச் சொல்லி நான் ஒருமுறை கேட்டதற்கு, "அழுக்குக் கைக்கு அழுக்குத் தண்ணி போதும்மா" என்றார்.

சனிக்கிழமை பட்டாசுக் கம்பெனிகளில் சம்பள நாள். அன்றைக்கென்று அவரிடம் ஒரு முறை இருந்தது. பொம்மை மெஷினின் பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒரு திருகு இருக்கும். அதை இந்தப் பக்கம் திருகினால் கொக்கியின் பிடி இறுகும், அந்தப் பக்கம் திருகினால் தளரும். வேன்கள் வந்து நிற்கும் நேரத்தில் இறுக்கி வைப்பார். இரண்டு மூன்று பேருக்குப் பொம்மை கிடைக்கும். அவர்கள் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைக் கடந்து போவார்கள். அதைப் பார்த்து ஒரு கூட்டம் மாடியேறி வரும். அப்போது, "தூசி தட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போவார். அதன் பிறகு கொக்கி பொம்மையைத் தூக்கும், பொம்மை கீழே விழுகிற குழாயின் வாசல் ஓரம்வரை கொண்டுவரும், அங்கே விட்டுவிடும். "எடுத்த ஒடனே விட்டா ஆளுக்குக் கோவம் வரும்மா. வாசல்கிட்ட வந்து விட்டாத்தான் ஆச வரும்" என்று என்னிடம் ஒரு தத்துவம்போலச் சொல்லியிருக்கிறார். பாயாசம் குடித்த வாய்போல அவர் உதடு அப்போது ஈரமாக இருக்கும். இன்றும் அந்த ஈரம் நினைவுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம். என் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்ததால் நான்கு வயது மகளை வேலைக்கு அழைத்து வந்திருந்தேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். நாணயம் கேட்டு நின்ற கூட்டம் கொஞ்சம் விலகியபோது அவள் இல்லை. எவனோ சிரிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். பொம்மை மெஷினின் கண்ணாடிக்குப் பின்னால், கரடிகளுக்கும் முயல்களுக்கும் நடுவே என் மகள் உட்கார்ந்திருந்தாள். கீழே பொம்மை வந்து விழுகிற மூடியைத் தள்ளிக்கொண்டு, அந்தக் குழாய் வழியாக உள்ளே ஏறியிருக்கிறாள். முதலில் கைதட்டினாள். நான் கண்ணாடியைத் தட்டியதும் என் முகத்தைப் பார்த்துப் பயந்து அழ ஆரம்பித்தாள். அழுகைச் சத்தம் வெளியே வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

"அண்ணாச்சி, சாவி, சீக்கிரம்" என்றேன். அவர் வந்தார், குனிந்து பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். என் காதருகே வந்து, "பிள்ள நல்லாத்தான இருக்கு. ஆளுகள ஒதுக்கிட்டுத் தொறக்கேன். இத்தன பேரு முன்னால பின்கதவத் தொறந்தா, திருகப் பாத்துருவாக. பெறகு எவன் காசு போடுவான்?" என்றார். மெதுவாக, நிதானமாகச் சொன்னார். அவர் விரல்கள் சாவிக்கொத்தைப் பொத்திக்கொண்டிருந்தன.

அதற்குள் ஒரு இளவட்டம் நாணயத்தைப் போட்டுவிட்டான். அவனுக்கு அது விளையாட்டு.

"ஏலே, பிள்ளைய எடுத்துருவியாலே?"

"கரடிய விட வெயிட்டு கம்மிதாம்லே."

பாட்டு ஒலித்தது, விளக்குகள் சுற்றின, கொக்கி நகர்ந்து வந்து என் மகளின் தலைமேல் இறங்கியது. மூன்று விரலும் அவள் முடியைக் கவ்வின. தலை மேலே இழுபட்டதைப் பார்த்தேன். பிடி தளர்ந்திருந்ததால் முடி நழுவியது, அவள் பொம்மைகள்மேல் விழுந்தாள். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். எல்லா மெஷின்களும் ஒரே நேரத்தில் ஊமையாகின. அப்போதுதான் அவள் அழுகை எனக்குக் கேட்டது.

தரையில் படுத்து அந்தக் குழாய்க்குள் கையை விட்டேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் சூயிங்கமும் கையில் ஒட்டின. கம்பெனி வேனில் வந்த ஒரு பெண் பக்கத்தில் மண்டியிட்டு மூடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். சற்று முன்புதான் வாளியில் கை கழுவ வைக்கப்பட்டவள். நகக்கண்ணில் வெள்ளி போகவில்லை. "நீ பேசிக்கிட்டே இரு தாயி. பிள்ளைக்கு ஒன் கொரலு கேக்கட்டும்" என்றாள். சறுக்கு விளையாடலாம் வா, காலை முதலில் நீட்டு என்று என்னென்னவோ சொன்னேன். முயலும் வரட்டும் என்று மகள் அடம்பிடித்தாள். முயலோடு வந்தாள். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் கிழிந்திருந்தது.

குழாய்க்குள் கை போகாதபடி தடுக்க ஒரு உள்தகடு இருக்க வேண்டும். அண்ணாச்சி அதை அறுத்து எடுத்திருந்தார். வாசல் ஓரத்தில் தொங்கி நிற்கிற பொம்மை தானாக விழுந்துவிடாமல், கீழிருந்து கையை விட்டு உள்ளே தள்ளிவிடுவதற்காக. இதை அவரே எனக்கு விளக்கினார். "என் கை போறதுக்குத்தான அறுத்தேன், பிள்ள ஏறும்னு எவன் கண்டான்?" என்றார். பிறகு, "மெயின அமத்திட்டியே, பைக் ரேஸ்ல நின்னவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். அன்றோடு நான் நின்றுவிட்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் அவரை வெறுப்பதோடு நிறுத்தியிருப்பேன். அந்த மார்கழியில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, சிரித்துக்கொண்டே ஒரு காலண்டரை விரித்தார். கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கைகளைப் பதித்து என் மகள். கூட்டத்தில் யாரோ செல்போனில் எடுத்த படம். அழுகிற வாயும் சிரிக்கிற வாயும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கண்ணீரை அச்சகத்தில் துடைத்திருந்தார்கள், கன்னத்துக்கு ரோஸ் ஏற்றியிருந்தார்கள். கீழே 'குழந்தைகளின் சொர்க்கம்' என்று போட்டுக் கடையின் முகவரி. நான் போய்க் கேட்டபோது அண்ணாச்சிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "எதுக்கும்மா கோவப்படுத? ராசியான மொகம், நம்ம பிள்ளைன்னுதான போட்டேன்" என்று நாலைந்து காலண்டர்களைச் சுருட்டி என் கையில் திணித்தார். படியிறங்கி வந்து சாக்கடையில் வீசினேன். ஊரெல்லாம் தொங்கியதை என்ன செய்வது?

இப்போது அவர் விருதுநகரில் இன்னும் பெரிய இடம் திறந்திருக்கிறார். நாணயம் கிடையாது, அட்டையைத் தேய்க்க வேண்டுமாம். பிடியை இறுக்கவும் தளர்த்தவும் பின்கதவைத் திறக்க வேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்தில் செல்போனிலேயே முடிந்துவிடுகிறதாம். வாளியையும் எடுத்துவிட்டாராம். நான் மட்டும் எந்த வீட்டுக்குப் போனாலும் வாஷிங் மெஷினின் கதவு, பீரோ, தண்ணீர்த் தொட்டி என்று மூடிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் நாரணாபுரத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். சுவரில் அந்தக் காலண்டர். தேதித்தாள் எல்லாம் கிழித்து முடிந்து, அட்டை மட்டும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் நின்றது. "நம்ம பிள்ள படம்லா மதினி, கழட்ட மனசு வரல" என்றாள் நாத்தனார். ஒன்றாம் வகுப்புப் போகிற என் மகள் அதன் அருகே போய் நின்று வெகுநேரம் பார்த்தாள். தன்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அம்மா, இந்தப் பாப்பாவ யாரும் வெளிய எடுக்கலையா?"

நாத்தனார் சிரித்தாள். நான் ஆணியிலிருந்து அட்டையை இழுத்து, கிழித்துப் போடுவதற்காக இரண்டாக மடிக்கப் போனேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மடக்காதம்மா. உள்ள பாப்பா இருக்கு."

நாரணாபுரத்திலிருந்து சிவகாசிவரை, நெரிசலான பஸ்ஸில், அந்த அட்டை வளையாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தேன்.