வேலிக்குக் குழி வெட்டியவள்

என் பேர் கலை. எங்கள் ஊர்ப் பூங்காவுக்கு நேர் எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன். "பூமயில்தானே, அரசாங்க வேலியைப் பிடுங்கினவ" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தவள் நான். பேசுகிறவர்கள் முதலில் என்னிடம் வந்து கேட்கட்டும்.

நயினார்கோவில் பக்கம் வானம் பார்த்த பூமி எங்களுடையது. ஒரு போகம் நெல், பிறகு மிளகாய், அதற்குப் பிறகு வெறும் வெயில். பூமயிலின் அய்யா கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்து, கரி ஆகும்வரை காவல் காக்கிற பிழைப்பு. அந்தச் சூட்டில் வளர்ந்தவள், வாக்கப்பட்டு வந்த வீட்டிலும் மூட்டத்துக்குத்தான் மண் சுமந்தாள். புருஷன் ராக்கப்பன் அந்தப் புகையிலேயே நெஞ்சு கெட்டுப் படுக்கையில் விழுந்தார். அதன்பின் அவளுக்கு நூறு நாள் வேலைதான் கதி.

ஒரு வருஷம் ஊருணிக்கரையில் பூங்கா அமைக்கும் வேலை வந்தது. அந்த ஊருணியே ஏதோ ஒரு பஞ்ச காலத்தில், கூலிக்குப் பதில் கஞ்சி ஊற்றி வெட்ட வைத்தது என்பார்கள். வெட்டியவர்கள் பேர் ஒருவருக்கும் தெரியாது. கஞ்சி ஊற்றியவர் பேர் மட்டும் கல்லில் இருக்கிறது.

பெண்கள்தான் கருவேலையை வேரோடு பிடுங்கினார்கள். கையில் முள் ஏறாத ஆள் இல்லை. வேம்பும் புங்கனும் நட்டார்கள். கோடையில் லாரியில் தண்ணீர் வரும் என்றார் ஓவர்சியர். வந்ததா? இல்லை. ஊருணியில் கிடந்த கலங்கல் தண்ணீரைக் குடத்தில் மொண்டு பூமயில்தான் ஊற்றினாள், வேலை இல்லாத நாட்களிலும். தன் வீட்டு ஆட்டையே கம்பெடுத்து விரட்டினாள். உனக்கு எதற்கு இந்த வேலை என்று நானே கேட்டிருக்கிறேன்.

"நெழலுக்குத்தான், கலை. மூட்டத்துச் சூட்டுலயே பாதி ஆயுசு போச்சு. ஒரு மரத்தடியில உக்காந்து சோறு திங்கணும்" என்றாள்.

மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்ததும் கல்லுக்கால் நட்டு முள்கம்பி வேலி போடச் சொன்னார்கள். குழி வெட்டியதும் இதே பெண்கள்தான். ஆடு மாடு வராமல் இருக்கத்தான் வேலி என்றார் ஓவர்சியர். பூமயிலுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு எல்லோருக்கும் என் கடையில் டீ வாங்கிக் கொடுத்தாள்.

திறப்பு விழாவில் பெண்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் கேட்டில் பலகை தொங்கியது. காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நாலு மணிக்குத் திறப்பார்களாம். தொப்பையைக் குறைக்க நடக்கிறவர்களுக்கு ஏற்ற நேரம். உச்சிவெயிலில் வேலை செய்கிறவர்களைப் பற்றி எவனுக்குக் கவலை? அடுத்த வேலை பக்கத்துக் கண்மாய்க்கரையில் நடந்தது. மத்தியானம் பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வேலிக்கு வெளியே மண்மேட்டில் உட்கார்ந்து, தாங்கள் வளர்த்த மரங்களைப் பார்த்தபடி தூக்குவாளிச் சோற்றைத் தின்றார்கள். பூமயில் ஓவர்சியரிடம் கேட்டாள். சோறு சிந்தி இடம் அசிங்கமாகிவிடும் என்று அவர் சொல்லிவிட்டார்.

சித்திரையில் ஒருநாள், கூட வேலை செய்த சண்முகவள்ளி மண்கூடையோடு சரிந்து விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்தார்கள். காவலுக்கு இருந்தவன் தங்கசாமி, பூமயிலுக்குக் கொழுந்தன் முறை.

"ஏலே, தொற. புள்ள மயங்கிக் கெடக்கா."

"சாவி இருக்கு மதினி, உத்தரவு இல்லயே. போன் போட்டுக் கேக்குறேன், செத்த பொறுங்க."

போட்டான். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். "தொறந்தா எம் பொழப்புப் போயிரும் மதினி" என்று அழாத குறையாக நின்றான்.

சொம்புத் தண்ணீரோடு ஓடிய நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பூமயில் திட்டவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். அவள் வெட்டிய குழி, எங்கே மண் இளகும் என்று அவளுக்குத் தெரியாதா? நெம்பினாள். இரண்டு கல்லுக்கால்கள் சாய்ந்தன, கம்பியும் தரையோடு படுத்தது. சண்முகவள்ளியை வேப்பமரத்தடியில் கிடத்தி, துண்டுகளை நனைத்து உடம்பில் போட்டோம். அவள் கண் திறக்கும்வரை துண்டுகளை மாற்றி மாற்றி நனைத்தோம். பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் வெயிலில் கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.

ஓவர்சியர் அவளைப் பார்க்க வந்தாரா? வேலியைப் பார்க்க வந்தார். மறுவாரம் நூறு நாள் வேலை என்ன தெரியுமா? அதே வேலியை, அதே பெண்கள் திரும்ப நட வேண்டுமாம். வெட்கம் என்று ஒன்று வேண்டாமா?

எல்லோரும் பூமயில் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சாய்ந்த கல்லுக்கால்களை இழுத்து ஓரமாகப் போட்டாள். மண்வெட்டியால் மண்ணைத் தள்ளிக் குழிகளை மூடி மிதித்தாள்.

"என்னம்மா பண்றே?" என்று ஓவர்சியர் கத்தினார்.

"வாசல் விடுறேன் சார். ஆடு வந்தா நான் வெரட்டுறேன். மனுசர் வந்து போகட்டும்."

"குழி வெட்டலேன்னா இனிமே ஒனக்கு வேலை கெடையாது."

"குடுக்காதீக. நான் வெட்டுன குழிய நான் மூடுறேன்."

மற்ற பெண்களும் கடப்பாரையைத் தொடவில்லை. அத்தனை பேரையும் நிறுத்தினால் ஊர் கூடிவிடும் என்று அவளை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலியில் அவள் விட்ட இடைவெளியை அடைக்க யாரும் வரவில்லை.

இந்த வயதில் பூமயில் மறுபடியும் கரிமூட்டத்துக்கு மண் சுமக்கப் போகிறாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆனால் மத்தியானம் ஆனால், உடம்பெல்லாம் கரியோடு அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து, சண்முகவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கிறாள். போன வாரம் ஓவர்சியர் வண்டியை நிறுத்தி, "ஒன்னத்தான் நிறுத்தியாச்சே, இங்க ஏன் வந்தே?" என்று கேட்டார்.

"வேலையத்தான சார் நிறுத்துனீக. நெழலு நான் தண்ணி ஊத்தி வளத்தது" என்று சொல்லிவிட்டு அவள் சோற்றைப் பிசைந்தாள்.

அவர் என் கடைக்கு வந்து ஒரு டீ கேட்டார். பால் இல்லை என்றேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டுதான் இருந்தது.