மூக்கில் கட்டிய இரண்டு நங்கூரங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதக் கடைசியில் நடந்தது இது. அன்று செஞ்சியில் வாரச்சந்தை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கள் வேனை நிறுத்திவிட்டு நானும் என் தம்பியும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். போர்வெல்லுக்குள் கழன்று விழுந்த மோட்டாரை எடுப்பதுதான் எங்கள் தொழில். குழாய்க்குள் கேமராவை இறக்கி, மோட்டார் எப்படிக் கிடக்கிறது என்று திரையில் பார்த்து, கொக்கி போட்டுத் தூக்குவோம். கேமரா என் பொறுப்பு. கொக்கியும் கயிறும் தம்பியுடையது. தொண்டூர், தளவானூர் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கள் வேன் போகாத கழனி கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சந்தையில் கருவாடு விற்கிற ஒரு பெண், காலிக் கூடையை இடுப்பில் வைத்தபடி வந்து வேனில் எழுதியிருந்ததைப் படித்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும்.

"அக்கா, இந்த கேமரா தண்ணியில இறங்குமா?"

"போர்ல தண்ணிதானம்மா இருக்குது. வேற இன்னா இருக்கும்?"

"உப்புத் தண்ணியில இறங்குமா?"

எதற்கு என்று கேட்டேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். மரக்காணம் பக்கம் அவர்கள் ஊர். முந்தாநாள் அவள் புருஷன் ஃபைபர் படகில் கடலிலிருந்து திரும்பும்போது, உப்பங்கழி கடலில் கலக்கிற இடத்தில் படகு மணல் திட்டில் இடித்திருக்கிறது. பின்பக்கம் மாட்டியிருந்த இன்ஜின் அப்படியே கழன்று, பக்கத்திலிருந்த பள்ளத்தில் விழுந்துவிட்டது. இருபது, இருபத்தைந்து அடி ஆழம். இரண்டு பேர் முங்கிப் பார்த்தார்களாம். நீரோட்டம் இழுத்ததில் தரையைத் தொடக்கூட முடியவில்லை.

"உப்புல ஊறுனா நாலஞ்சு நாள்ல ஒண்ணுத்துக்கும் ஆவாதுக்கா. அது இல்லன்னா அவர் கூலிக்குத்தான் அடுத்தவங்க படகுல ஏறணும்" என்றாள். அழவில்லை. அழாமல் சொன்னதுதான் என்னை என்னவோ செய்தது.

தம்பி என்னைப் பார்த்தான். "கடல்லாம் நமக்கு இன்னாக்கா தெரியும்?" என்று கேட்டான். முன்னூறு அடியில் எடுக்கிறவர்களுக்கு இருபத்தைந்து அடி ஒரு ஆழமா என்று நான் கேட்டேன். மறுநாள் விடியும்போது வேன் திண்டிவனத்தைத் தாண்டியிருந்தது.

அவள் புருஷன் அதிகம் பேசாத மனிதர். இன்ஜின் விழுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். கரையில் ஒற்றைப் பனையும் அதற்குப் பின்னால் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும், அந்தப் பக்கம் பாலத்தின் மூன்றாவது தூண் விளக்குக் கம்பத்தை மறைக்க வேண்டும், இரண்டும் சேர்கிற இடம்தான் என்றார்.

இன்னொரு விஷயத்தை அவர் மனைவி சொன்னாள். நாளுக்கு இரண்டு தடவை கடல் தண்ணீர் கழிக்குள் ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஏறும்போது வருவது தெளிந்த கடல் தண்ணீர். இறங்கும்போது வருவது கழியின் சேற்றுத் தண்ணீர். கேமராவில் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் தண்ணீர் ஏறுகிற நேரத்திலும், ஏறி நிற்கிற கொஞ்ச நேரத்திலும்தான் பார்க்க முடியும்.

எனக்கு நீச்சல் தெரியாது. செஞ்சியில் மலைதானே உண்டு. இரண்டு காலி கேன்களை இடுப்பின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு படகில் ஏறினேன். தம்பி சிரித்தான், அப்புறம் அவனும் ஒரு கேனை எடுத்துக் கட்டிக்கொண்டான். இன்ஜின் இல்லாததால் நீளமான மூங்கிலை ஊன்றியும் துடுப்பு போட்டும்தான் போனோம்.

முதல் நாள் ஒரே நங்கூரம். அதைக் கடல் பக்கமாகப் போட்டு, கயிற்றை விட்டுக்கொண்டே வந்து அந்தப் பள்ளத்துக்கு மேலே படகை நிறுத்தினார். நான் போர்வையால் தலையை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தேன். மணல், சிப்பி, ஒரு சின்ன மீன். படகு மெதுவாக இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருந்ததால் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தன. முக்கால் மணி நேரம் கழித்து, மூன்று இலையுள்ள இன்ஜின் விசிறி ஒன்று மணலிலிருந்து எட்டிப் பார்த்தது.

"இருக்குது" என்றேன்.

தம்பி கொக்கியை இறக்குவதற்குள் நீரோட்டம் ஓய்ந்துவிட்டது. இழுக்க ஆள் இல்லாத கயிறு தொளதொளத்தது, படகு தன்பாட்டுக்கு அலைந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. படகு நங்கூரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரே வீச்சில் மறுபக்கம் போய் நின்றது. இன்ஜினுக்கும் எங்களுக்கும் நடுவில் இப்போது இரண்டு கயிற்று நீளம். திரையில் சேற்றைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். சாப்பிடும்போது நான்தான் யோசனை சொன்னேன். போர்வெல் வேலையில் மோட்டாரைத் தூக்குகிற இரும்பு முக்காலியை அசையவிடாமல் எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டுவோம். அதேபோல முன்பக்கம் ஒரு நங்கூரம், பின்பக்கம் ஒரு நங்கூரம் போட்டு, இரண்டையும் முறுக்கிக் கட்டிவிட்டால் படகு எங்கே போகும்?

அவர் சோற்றைப் பிசைந்தபடி, "பின்னால கட்டுனா ஆவாதுக்கா. தண்ணி ஒரே பக்கம் வராது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் விடவில்லை. இத்தனை வருட அனுபவம், இத்தனை மோட்டார் என்று பேசி அவர் வாயை அடைத்துவிட்டேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. அதை அவர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் படகை முன்னும் பின்னும் கட்டியாகிவிட்டது. அவர் மனைவியும் துடுப்பு போட வந்திருந்தாள். படகு நட்டுவைத்த கல் போல நின்றது. பத்து நிமிடம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர் ஏறும் வேகம் கூடியதும், நீரோட்டம் மணல் திட்டைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. ஒற்றைக் கயிறாக இருந்திருந்தால் படகு தானாகத் திரும்பி, மூக்கால், அதாவது முன்முனையால், அதை வாங்கியிருக்கும். இரண்டு பக்கமும் முறுக்கிக் கட்டியிருந்ததால் திரும்ப முடியவில்லை. மொத்த நீரோட்டமும் படகின் விலாவில் வந்து மோதியது. படகு சாய்ந்தது. விளிம்பைத் தாண்டி தண்ணீர் உள்ளே கொட்டியது. கேமரா பெட்டி சறுக்கிக்கொண்டு என் காலில் இடித்தது. தம்பி என் கையைப் பிடித்தான், நான் பெட்டியைப் பிடித்தேன். இடுப்பில் கட்டியிருந்த கேன் மிதக்க ஆரம்பித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவர் இரண்டே எட்டில் பின்பக்கம் போய், கத்தியால் கயிற்றை ஒரே வெட்டு வெட்டினார். படகு விருட்டென்று திரும்பி, மூக்கை நீரோட்டத்துக்குக் கொடுத்து நிமிர்ந்தது.

நாலு பேரும் தண்ணீரை இறைத்தோம். "என் தப்புதான். நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றேன். அவர், "நானும் கெட்டியா சொல்லலியேக்கா" என்றார். தம்பி கரைக்குப் போய்விடலாம் என்றான். நானும் அதைத்தான் நினைத்தேன்.

அப்போது அவர் மனைவி படகின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படகு திரும்புனா இன்னா? திரும்பட்டும். மூக்கு மட்டும் அங்கயே இருந்தா போதும்ல?" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அவள் கைவிரலைப் படகின் தளத்தில் ஊன்றி, உள்ளங்கையைச் சுற்றிக் காட்டினாள். "ஒண்ணு கடல் பக்கம், ஒண்ணு கழி பக்கம். ரெண்டு கயிறையும் மூக்குலயே கட்டலாம். ஏறுனா இது புடிக்கும், இறங்குனா அது புடிக்கும். அக்கா மூக்குல உக்காந்து கேமராவ உடட்டும்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "சரியாத்தான் சொல்றா" என்றார்.

வெட்டிவிட்ட நங்கூரம் அடியிலேயே கிடந்ததால், பக்கத்துப் படகில் இன்னொன்று கேட்டு வாங்கினோம். ஏற்கெனவே கடல் பக்கம் கிடந்த நங்கூரத்தின் கயிற்றை நீளமாக விட்டோம். ஏறுகிற தண்ணீரே எங்களைப் பள்ளத்தைத் தாண்டிக் கழிக்குள் கொண்டுபோனது. அங்கே இரண்டாவது நங்கூரத்தைப் போட்டார். பிறகு முதல் கயிற்றை இழுத்து இழுத்து நடுவுக்கு வந்தோம். பனையும் கோபுரமும் ஒரே கோட்டில் வந்தன. மூன்றாவது தூண் விளக்குக் கம்பத்தை மறைத்தது. இரண்டு கயிறுகளையும் மூக்கில் கட்டினார். பின்பக்கத்தை அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்.

நான் மூக்கில் குப்புறப் படுத்து கேமராவை இறக்கினேன். கொஞ்சம் தேடியதும் அந்த மூன்று இலை விசிறி தெரிந்தது. படகின் வால் இப்படியும் அப்படியும் போனது. விசிறி திரையை விட்டுப் போகவில்லை. ஒரு முழம் நகரும், திரும்ப வரும். தம்பி கொக்கியை இறக்கினான். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை மணலைத்தான் கிளறியது, தெளிய நேரம் ஆனது. அதற்குள் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

முந்தின நாள் இந்த நேரத்தில்தான் எல்லாம் கைவிட்டுப் போனது. படகு சுழன்றது. வால் கடல் பக்கம் போனது. கழிப்பக்கத்துக் கயிறு விறைத்து நின்றது. திரையைப் பார்த்தேன். விசிறி அங்கேயே இருந்தது.

"சேறு வருது" என்றாள் அவள். கழிப்பக்கம் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தண்ணீர் மேல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"இடது பக்கம் ஒரு சாண். இன்னும் கொஞ்சம். இப்ப விடு. தூக்கு" என்றேன் தம்பியிடம்.

தம்பி கயிற்றைச் சுண்டினான். கொக்கி இன்ஜினின் கைப்பிடியில் மாட்டியதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடி திரை முழுக்கச் சேறு. இனி பார்க்க ஒன்றுமில்லை, இழுக்க வேண்டியதுதான். நாலு பேரும் பிடித்தோம். மணல் முதலில் விடவில்லை. பிறகு பொதுக்கென்று விட்டது. விசிறி தண்ணீருக்கு மேலே வந்து, பாசியும் மணலும் ஒழுக அந்த இன்ஜின் படகுக்குள் விழுந்தபோது, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் விசில் அடித்தார்கள். பேசாத அந்த மனிதர் இன்ஜினைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. நானும் அவளும் நனைந்த புடவையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

கரைக்கு வந்ததும் இன்ஜினை நல்ல தண்ணீரில் கழுவினார்கள். மெக்கானிக் அன்றைக்கே பிரித்துவிட்டார். நாலாவது நாள் அவளிடமிருந்து எனக்கு போன் வந்தது. இன்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கழனியில் நின்றபடி தம்பிக்கும் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ மோட்டார்கள் எடுத்துவிட்டோம். ஆனால் வேலை செய்கிற இடத்தில் யாராவது மெதுவான குரலில் "ஆவாது" என்று சொன்னால், இப்போதெல்லாம் நான் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறேன். அன்று அந்தப் பழுப்புக் கோடு வந்து சேருவதற்குள் நாங்கள் ஜெயித்தது, யாருடைய அனுபவம் பெரியது என்ற பேச்சை நான் விட்ட பிறகுதான்.