குடத்து ஸ்பீக்கர்

என் காக்காவின், அதாவது அண்ணனின், மகனுக்கு ஸ்பீக்கர் வேண்டுமாம். பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் இல்லை. வீட்டிலேயே குரல் பதிகிறவர்கள் பதிந்ததைச் சரிபார்ப்பதற்கென்று வைத்திருக்கும் சோடி. பின்னறைச் சுவரில் பழைய மெத்தைகளைச் சாத்தி அதற்கு ஸ்டூடியோ என்று பெயரும் வைத்திருக்கிறான். போன கிழமை கல்முனைக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அவன் கையிருப்புக்கு இரண்டு சோடிதான் தோதுப்பட்டன. பெரியதில் எந்தக் குரலைப் போட்டாலும் இனிமையாக இருந்தது. சின்னதில் பேசுகிறவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. அவன் கை பெரியதை நோக்கிப் போனது.

"அது வேணா மனெ, சின்னத எடு" என்றேன்.

"மாமி, ஒங்களுக்கு இதப் பத்தி என்ன தெரியும்?"

கைத்தொலைபேசியில் படம் அனுப்பவே அவனைக் கூப்பிடுகிறவள் நான். அவன் கேட்டதில் பிழையில்லை. ஆனாலும் சின்னதின் மேல் வைத்த கையை நான் எடுக்கவில்லை. கடைக்காரர் பெட்டியைப் பிரித்தார். உள்ளேயிருந்து, சாமான் அடிபடாமல் வைக்கிற வெள்ளை ரெஜிபோமின் மணம் வந்தது.

அந்த மணத்தோடுதான் எண்பதுகளின் தொடக்கத்தில், காக்கா சவூதியிலிருந்து அனுப்பிய செட் கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு கெசட் போடுகிற செட். பெட்டிக்குள் இடம் கிடைத்த மூலையெல்லாம் குளிக்கிற சவர்க்காரக் கட்டிகளைத் திணித்திருந்தார். பல மாதங்களுக்கு எங்கள் வீட்டில் ரேடியோச் செய்திகூடச் சவர்க்காரம் மணந்தது. நம்பினால் நம்புங்கள்.

அப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சவூதியில் இருந்தார். கடிதத்துக்குப் பதில் கெசட்டில் பேசி, போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஆனால் புருசனோடு கதைக்கிற கதையை, கெசட் பதிகிற கடையில் ஆம்பிளைகள் முன்னால் கதைக்க முடியுமா? அதனால் பெண்கள் என்னிடம் வந்தார்கள். எனக்கு வயது இருபத்தொன்று. சன்னலில் போர்வையைக் கட்டி, பாயை விரித்து, முதலில் என் கெசட்டில் பதிவேன். பிறகு இருமலையும் அழுகையையும் விட்டுவிட்டு அவர்களுடைய கெசட்டுக்கு ஏற்றுவேன். வந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். போன கெசட்டுகளில் ஒருத்தியும் அழவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

எங்கள் உம்மா மட்டும் செட்டுக்கு முன்னால் உட்காரவே மாட்டார். "பொம்பளட கொரல் ஊரூராப் போகப்படா" என்று சொல்லிவிட்டு, பதிகிற சிவப்பு விளக்கு எரிந்ததும் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவார். சொந்த மகனுக்குக்கூட என் வாயால்தான் ஸலாம் சொன்னார்.

ஒரே வருசத்தில் உப்புக்காற்று செட்டின் ஸ்பீக்கர்க் கடதாசியைத் தின்றுவிட்டது. உம்மாவும் நானும் கல்முனை பசாரில் ரேடியோ திருத்துகிற தம்பிராசா அண்ணனிடம் போனோம். வெளிநாட்டுப் பெட்டிகளின் விலையைக் கேட்டு உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்களுக்குக் கட்டுப்படியானவை இரண்டு. ஒன்று, மண்குடத்தின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தியது. அதில் குரல் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல முழங்கும். மற்றது, அவர் திருத்த வேலைக்கு வைத்திருந்த சின்னப் பலகைப் பெட்டி. அதில் கேட்டால் யாருடைய குரலும் காய்ந்து கிடக்கும்.

"அது சளி புடிச்ச மாதிரி இரிக்கி" என்றேன்.

"ஓம் தங்கச்சி, அத ஆரும் வாங்குறல்ல. குடம் எண்டா கலியாண வீட்டுக்கும் கேட்டு வாறாங்க" என்றார் அவர்.

நான் குடத்தைத்தான் எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததில் கால் விறைத்ததுதான் மிச்சம்.

அடுத்த வீட்டில் எனக்கு அக்கா முறையான ஜெமீலா ராத்தாவின் புருசன் காசிம் காக்காவும் சவூதியில்தான் இருந்தார். உயரமான கட்டடங்களில் சாரம் கட்டி, அதில் ஏறி நின்று செய்கிற மேசன் வேலை. இரண்டு வருசத்துக்கு முன் அவருடைய வாப்பா மவுத்தாகி அடக்கம் முடிந்த செய்தி போனபோது, மறுநாள் வேலையில் தலைசுற்றிக் கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டார். அதனால் இப்போது அவருடைய உம்மா மவுத்தானதும், மனுசன் ஊருக்கு வரும்வரைக்கும் வாய் திறக்கக்கூடாது என்று குடும்பமே பேசி முடிவெடுத்தது. எங்கள் பக்கத்தில் அப்போது அது வழக்கந்தான்.

ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜெமீலா ராத்தா வந்து பாயில் உட்கார்ந்து பேசினார். "மச்சான், ஒங்கட உம்மா நல்ல சொகம். அட்டாளைச்சேனைக்கு மகள்ட ஊட்ட போயிரிக்கா" என்று சொல்லும்போது இரண்டு தரம் தொண்டை அடைத்தது. அதை நான் அழகாக நீக்கினேன். குடத்தில் போட்டுக் கேட்டேன். ராத்தாவின் குரல் கும்மென்று, கவலையே தெரியாதவளின் குரலாகக் கேட்டது. அந்தக் கிழமையே ஒருவர் அதைக் கொண்டு போனார்.

நாலு நாள் கழித்து எங்கள் கோழி பாய்ந்ததில் குடம் உடைந்தது. புதுக்குடம் வரும்வரைக்கும் பாவிக்கச் சொல்லித் தம்பிராசா அண்ணன் அந்தச் சளி பிடித்த பெட்டியைத் தந்தார். சோதிக்கக் கைக்கு அகப்பட்ட கெசட்டைப் போட்டேன். என்னிடம் மிஞ்சியிருந்த ஜெமீலா ராத்தாவின் முதல் பதிவுதான். "நல்ல சொகம்" என்று அவர் சொல்லும்போது பின்னால் குசினியிலிருந்து இன்னொரு குரல், மெல்லிசாக, ஆனால் சொல் சொல்லாகக் கேட்டது. உம்மா யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கதைத்துக்கொண்டிருந்தார்.

"காசிம்ட உம்மாட நாப்பதாங் கத்தம் வாற வெள்ளிக்கிழம கா. பாவம், புள்ள உம்மாட மொகத்தக்கூடக் காணல்ல."

நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவது மவுத்தானவருக்குத்தான். திருப்பிப் போட்டேன். மறுபடியும் அதுவே. கொண்டு போனவர் இந்நேரம் சவூதியில் இறங்கியிருப்பார். காசிம் காக்காவின் அறையில் குடம் இருக்குமா? அங்கே எல்லாரிடமும் நல்ல செட்தானே இருக்கும்!

ஒருவரிடமும் சொல்லவில்லை. உம்மாவிடம் சொன்னால் அந்த மனுசி தன்னால்தான் என்று உருகிப் போவார். ஜெமீலா ராத்தாவிடம் சொல்லவோ எனக்கு நாக்கு வராது. செய்ததெல்லாம் ஒன்றுதான். செட்டின் மைக் துவாரத்தில் வயர் வெட்டிய வெறும் மைக் பின்னைச் செருகினேன். அப்படிச் செய்தால் எந்தச் சத்தமும் ஏறாது. பிறகு அந்த இடத்தின் மேல் பதியவிட்டு, உம்மா பேசியதை அழித்தேன். கொலை செய்தவன் கத்தியைக் கழுவுகிற மாதிரித்தான்.

பிறகு இரண்டு மாதம் நான் பட்டது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கிணற்றடிக்கு ஓடினேன். தந்தி வருகிறது, ஜெமீலா ராத்தா குழறி அழுகிறார், எல்லாரும் என் செட்டைப் பார்க்கிறார்கள் என்று கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதே காட்சி. ராத்தாவோ தினமும் வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, மெலிஞ்சி போன? கலியாணக் கனவா?" என்று பகிடி விட்டார்.

பதில் கெசட் வந்தது. நாங்கள் அனுப்பிய அதே கெசட், அதன் மேலேயே அவர் பதிந்திருந்தார். செட் என்னிடம்தானே, ராத்தா அதை என்னிடமே கொண்டு வந்தார். பொத்தானை அமுக்கினேன். அந்தப் பலகைப் பெட்டிதான் இன்னும் மாட்டியிருந்தது.

முதலில் ஒரு மூச்சு. பிறகு தூரத்தில், பெட்டியோடு காதை வைத்திருந்த எனக்கு மட்டும் விளங்கும்படி வேறொரு ஆண்குரல்: "தண்ணியக் குடி காசிம். அழுக அடங்கட்டும், பொறகு கதை." ஒரு கதவு சாத்துகிற சத்தம். அதன் பிறகுதான் காசிம் காக்கா உரத்து, கலகலப்பாக ஆரம்பித்தார். "ஜெமீலா, நான் நல்ல சொகம். உம்மாக்கு என்ட ஸலாத்தச் சொல்லு. அட்டாளைச்சேனையில நல்லா இருந்து ஆறுதலா வரச் சொல்லு."

"பாத்தியா? மனுசனுக்கு ஒண்டுந் தெரியா" என்று ராத்தா கண்ணைத் துடைத்தார். "முன்னுக்கு ஆரோ கதைச்சாங்களே, என்ன?"

"கூட்டாளிமார் போல" என்றேன்.

காசிம் காக்காவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அந்தச் சாரத்தில் ஏறி நிற்கிறார். ஊருக்கு வர இன்னும் ஒன்றரை வருசம் இருந்தது. அந்த ஒன்றரை வருசமும் அவர் ஒவ்வொரு நாளும் என் கண்முன்னால் விழுந்துகொண்டே இருந்தார்.

அவர் வந்தார். விழவில்லை. வாசலில் நின்று "உம்மா!" என்று கூப்பிட்டார். சொன்னார்கள். புதிதாகக் கேட்டவர்போலக் குழறி அழுதார். அழுகை பொய்யில்லை. புதிது என்பதுதான் பொய். மறுநாள் சவர்க்காரக் கட்டி இரண்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மா உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, பயந்து போயிரிப்பீங்க" என்றார் மெதுவாக. "ஒங்கட உம்மாட கொரல நான் எத்தினயோ தரம் போட்டுக் கேட்ட. எனக்குப் பாவம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னது அவதான். ஊட்டாக்களுக்குச் சொல்லிராதீங்க. நான் அவங்கள நம்பினதா இரிக்கட்டும்."

நான் தலையாட்டினேன்.

எண்பதுகள் முடியுமுன் உம்மா மவுத்தாகிவிட்டார். காசிம் காக்காவும் ஜெமீலா ராத்தாவும் இப்போது இல்லை. கெசட்டில் கதைப்பதும் இல்லை, குடமும் இல்லை. சவூதியில் இருக்கிற பிள்ளைக்கு இப்போது மவுத்தானவரின் மையத்தைக் குளிப்பாட்டுமுன் படம் போய்விடுகிறது. மறைக்க யாருக்கும் நேரமில்லை.

சின்ன ஸ்பீக்கர் வந்த அன்று காக்காவின் மகன், என் மருமகன், என் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கெசட்டை எடுத்து, கணினியில் ஏற்றிப் போட்டான். ஜெமீலா ராத்தா பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல் இருந்தது. காகம், கிணற்றுக் கப்பி, தூரத்தில் பஸ் எல்லாம் கேட்டன. திடீரென்று எல்லாம் நின்றது. மருமகன் குனிந்து திரையைப் பார்த்தான்.

"மாமி, இந்த எடத்துல ஒண்டுமில்லயே?"

உம்மாவின் குரல் இந்த உலகத்தில் ஒரே ஒரு தரம், அந்த இடத்தில்தான் பதிவாகியிருந்தது.

"ஓம் மனெ" என்றேன். "ஒண்டுமில்ல."