இடுப்போரத்து லேபிள்

என் கணவர் கஞ்சா குடித்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் நியாயம் பேச வர வேண்டாம். அவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கேயம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் உட்கார்ந்து குடித்தார். தோப்பு அவருடைய தலைமையாசிரியருடையது. சுருட்டிக் கொடுத்தவரும் தலைமையாசிரியர்தான்.

நான் கண்ணால் பார்த்தேன். ஒருமுறை அந்தத் தோப்பில் ஆசிரியர்களுக்கெல்லாம் குடும்பத்தோடு கெடா விருந்து. சாப்பிடக் கூப்பிடலாம் என்று கணவரைத் தேடி மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனேன். தலைமையாசிரியர் கயிற்றுக் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் தேய்த்து, பீடா மடிப்பவர் போல அவ்வளவு பக்குவமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு பதறவும் இல்லை.

"ஒண்ணும் இல்லீங் அம்மிணி, பச்சிலைதானுங்க. தலைவலிக்கு நல்லது" என்றார்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் போதையின் தீமை பற்றி மைக் பிடித்துப் பேசுகிற அதே வாய். வீட்டுக்கு வந்து கணவரோடு பெரிய சண்டை போட்டேன். "ஹெச்.எம்மே கூப்பிடறாரு, நான் எப்படிப் புள்ள மாட்டேங்கறது" என்றார். அவருக்கு யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. எனக்கு அது மட்டும்தான் நன்றாகத் தெரியும்.

பிறகு பள்ளிக்குப் பின்னாலிருக்கிற ரோட்டில் கஞ்சா விற்றவன் ஒருவனைப் போலீஸ் பிடித்தது. அவன் போனில் என் கணவர் நம்பர் இருந்தது. தலைமையாசிரியர் நம்பர் எப்படி இருக்கும்? சரக்கு வேண்டுமென்றால் அவர் என் கணவரை விட்டுத்தானே பேசச் சொல்வார். போலீஸ் பள்ளிக்கு வந்த அன்று தலைமையாசிரியர் கணவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

"என் பேரு மட்டும் எங்கயும் வரக் கூடாதுங்க. மேல நான் பேசிக்கறேன். ஒரு மெமோவோட முடிஞ்சிரும்" என்று சொல்லியிருக்கிறார்.

என் கணவர் நம்பினார், வாயை மூடிக்கொண்டார். மெமோ வரவில்லை, சஸ்பென்ஷன் வந்தது. கோர்ட்டில் அபராதம் கட்டி வழக்கு முடிந்தும் துறை விடவில்லை, தனியாக ஒரு விசாரணை வைத்தது. அதில் தலைமையாசிரியர் வாக்குமூலம் கொடுத்தார். பலமுறை கண்டித்தும் திருந்தாதவர், மாணவர் நலன் கருதி இவரை மீண்டும் பணியில் சேர்க்கக் கூடாது என்று. இறுதி உத்தரவு மட்டும்தான் பாக்கி. அது வந்தால் வேலை போய்விடும். நேற்று வரை 'சார்' என்றவர்கள் கடைவீதியில் 'கஞ்சா வாத்தியார்' என்றார்கள். கணவர் ஒரு பிரிண்டிங் பட்டறையில் பனியனுக்கு டிசைன் போடப் போனார். அங்கே சூப்பர்வைசர், அவரிடம் படித்த பையன்.

மானத்தை விட்டு நான் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். வாக்குமூலத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். கேட்டைக்கூடத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், எங்கள் ஊர் மரியாதையோடு சொன்னார்: "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே அம்மிணி. நான் என்னங்க பண்றது?"

அந்த மரியாதைதான் என்னை எரித்தது. நாயே பேயே என்று திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நான் தையல் ஜாப் ஒர்க் எடுக்கிறேன், பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. ஒரு நாள் வழக்கம் போல வெட்டிய துணி பண்டல் வந்து இறங்கியது. பிரித்தேன். முன்பக்கத் துணி ஒவ்வொன்றிலும் தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'ஒழுக்கத்தின் விளக்கே, வாழ்க' என்று பிரிண்ட். அவருடைய பணி நிறைவு விழாவுக்கு முன்னாள் மாணவர்கள் காதர்பேட்டை பனியன் வியாபாரி ஒருவரிடம் டி-சர்ட் சொல்லியிருக்கிறார்கள். வியாபாரி ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனியில் ஆள் பற்றவில்லை, தைக்க என்னிடம் தள்ளிவிட்டார்கள். இந்தப் பனியன் ஊரில் யார் போடுகிற துணியை யார் தைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அடுக்கடுக்காகக் கிடந்த அந்த முகங்களை ஒன்று விடாமல் எண்ணினேன். பிறகு லேபிள் கடைக்குப் போனேன். டி-சர்ட்டின் உள்பக்கம் இடுப்போரத் தையலில் எப்படித் துவைப்பது என்று ஒரு சின்ன நாடா தொங்குமே, அதற்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

'இந்தத் தலைமையாசிரியர் தன் தோப்பில் கஞ்சா சுருட்டி ஓவிய ஆசிரியருக்குக் கொடுத்தவர். கூடவே குடித்தவர். பிறகு அவரைக் காட்டிக் கொடுத்தவர். நான் கண்ணால் பார்த்தேன். இப்படிக்கு, ஓவிய ஆசிரியரின் மனைவி.'

கடைக்காரர் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "ரோலாக் குடுக்கட்டுங்களா, வெட்டிக் குடுக்கட்டுங்களா?" என்றார்.

என்னிடம் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற பெண்ணுக்குத் திருநெல்வேலிப் பக்கம். லேபிளைப் படித்துவிட்டு, "யக்கா, இது வெளிய தெரிஞ்சா வம்பா போயிரும்லா" என்றாள். போகட்டும் என்றேன். சரி என்று மிஷினை மிதித்தாள்.

சாயந்தரம் வந்த கணவர்தான் நடுங்கிப்போனார். "உத்தரவு போடற ஆபீசரே மேடைக்கு வராரு. இருக்கற கொஞ்ச நஞ்ச வழியும் அடைச்சுப் போயிரும். பிரிச்சுப் போடு புள்ள. நான் குடிச்சது நெசந்தானே" என்றார்.

"நெசந்தானுங்க. அவரு குடிச்சதும் நெசந்தானுங்களே. அதை யாரு சொல்லோணும்?" என்று கேட்டேன். லேபிளைப் பிரிக்காமல் டி-சர்ட்டுகளை மடித்து, மூட்டை கட்டி அனுப்பினேன். விழா நெருங்கிவிட்டதால் கம்பெனி மூட்டையைப் பிரிக்காமலே வியாபாரிக்குத் தள்ளிவிட்டது.

அழைக்காத விழாவுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் டி-சர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கையில் ஒரு துணியைக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். படத்தைப் பார்க்க மாட்டார்கள். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார்கள், ஓரத்தை இழுத்துப் பார்ப்பார்கள், லேபிளைப் பார்ப்பார்கள். தலைமையாசிரியர் இங்கேயே பிறந்தாலும் துணிக்குள் கை விட்டவரில்லை. முகம் பளிச்சென்று இருந்ததே அவருக்குப் போதும்.

மேடையிலிருந்த பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சொந்தமாக பனியன் கம்பெனி நடத்துகிறவர். டி-சர்ட்டை வாங்கியதும் கை தானாக அதைத் திருப்பியது. படித்தார். கண்ணாடியை எடுத்து மாட்டி மறுபடியும் படித்தார். பக்கத்திலிருந்த, உத்தரவு போட வேண்டிய கல்வி அதிகாரியிடம் நீட்டினார். அதற்குள் கீழே ஒவ்வொரு வரிசையாகக் கைகள் இடுப்போரத்துக்குப் போயின. துணி திருப்புகிற சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் அதே டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு மைக்கில் ஒழுக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். லேபிள் குத்தியிருக்க வேண்டும், நடுநடுவே இடுப்பைச் சொறிந்துகொண்டார். நான் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அதிகாரி என் கணவரைத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தார். கணவரோடு நானும் போய் வாசலில் நின்றேன். இந்த முறை அவர் வாயைத் திறந்தார். கஞ்சா விற்றுப் பிடிபட்டவனும் தோப்பு வரை வந்து கொடுத்ததை ஒப்புக்கொண்டான். கணவருக்கு இன்கிரிமென்ட்டை வெட்டி, கணியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறார், கரும்பலகையில் மயில் வரைகிறார். விழா முடிந்து ஒரு மாதம் கழித்து, தலைமையாசிரியருக்கு ஓய்வு பெறுகிற நாளில் ஓய்வு ஆணை வரவில்லை, சஸ்பென்ஷன் ஆணை வந்தது. அரசு வேலை பார்க்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். விசாரணை முடிகிற வரைக்கும் பென்ஷனும் கிடையாது, மற்றதும் கிடையாது.

போன மாதம் அவர் எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். மஞ்சப்பையிலிருந்து அந்த டி-சர்ட்டை எடுத்துக் காட்டினார். லேபிளைப் பிய்க்கப் பார்த்திருக்கிறார், இடுப்போரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. தையலோடு சேர்த்து அடித்தது அப்படிச் சுலபமாக வராது.

"கோவத்துல எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க அம்மிணி. முப்பது வருஷ சர்வீஸுங்க. ஊட்டுல தல காட்ட முடியலீங்க" என்றார். கண்ணில் தண்ணீர் இருந்தது.

கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, குரலை உயர்த்தாமல் சொன்னேன்: "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே. நான் என்னங்க பண்றது?"

அவர் டி-சர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர், "வயசான மனுஷன், உனக்குப் பாவமாவே இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.